120 ரூபாய் சார்ஜரா, கம்பெனி சார்ஜரா? ஷாக் அடிக்காமல் இருக்க எதற்குக் காசு கொடுக்கலாம்

போன மாதம் அம்மா புது போன் வாங்கினார். பெட்டியில் போன், கேபிள், சிம் எடுக்கும் ஊசி, அவ்வளவுதான், சார்ஜர் இல்லை. 2020 அக்டோபரில் ஆப்பிள் ஆரம்பித்து வைத்த வழக்கம் இது, அடுத்த வருடமே சாம்சங்கும் தன் விலை கூடிய போன்களில் சார்ஜரை நிறுத்தியது, இப்போது நடுத்தர விலை போன்கள் வரைக்கும் வந்துவிட்டது. அம்மா என்னிடம் கேட்கவில்லை, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் 120 ரூபாய்க்கு ஒரு சார்ஜர் வாங்கி மாட்டிவிட்டார். நான்காம் நாள் காலை, கூடத்தைத் துடைத்துவிட்டு ஈரம் காயாத தரையில் வெறுங்காலோடு நின்றபடி, சார்ஜில் இருந்த போனை எடுத்திருக்கிறார். முழங்கை வரைக்கும் வெட்டி இழுத்திருக்கிறது. போன் கை விட்டுப் போய் கீழே விழுந்ததால் தப்பித்தார். "லேசாத்தான்பா அடிச்சது" என்று அவர் சொன்னாலும் அன்று முழுக்க அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டேதான் இருந்தார்.

அந்த வாரம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. வீட்டில் எந்த சார்ஜர் இருக்க வேண்டும், எதற்குக் காசு போட வேண்டும், எதற்குப் போட வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன், இதே கேள்வியோடு கடைக்குப் போகிற யாருக்காவது உதவும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சார்ஜரிலிருந்து போனுக்குப் போவது 5 வோல்ட், ஃபாஸ்ட் சார்ஜிங் என்றால் 9, 15, 20 வோல்ட். உலர்ந்த கையால் இதைத் தொட்டால் ஒன்றும் தெரியாது. ஆக போனைத் தொட்டு ஒருவருக்குக் கை வெட்டி இழுத்தது என்றால், சுவரில் இருக்கிற 230 வோல்ட் எப்படியோ இந்தப் பக்கம் தாண்டி வந்திருக்கிறது. தாண்டாமல் தடுப்பதுதான் சார்ஜரின் முதல் வேலை, சார்ஜ் ஏற்றுவதெல்லாம் அதற்கு அப்புறம். ஆனால் கடையில் நாம் கேட்பது எத்தனை வாட், எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்பதை மட்டும்தான்.

அந்த 120 ரூபாய் சார்ஜரையும், செத்துப்போன பழைய போன் ஒன்றோடு வந்திருந்த, இப்போது ஓடாத கம்பெனி சார்ஜரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்தேன். (பிளக்கில் இருந்து எடுத்து ஒரு முழு நாள் சும்மா வைத்திருந்து, அப்புறம்தான் பிரித்தேன். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம், தயவுசெய்து யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.) கம்பெனி சார்ஜரின் கூடு ரம்பம் போட்டு அறுத்தால்தான் திறந்தது. மலிவு சார்ஜர் நகத்தை விட்டு நெம்பியதுமே இரண்டாகப் பிளந்தது. அதுவே ஒரு சேதிதான், கீழே விழுந்தாலும் அது அப்படித்தான் பிளக்கும், உள்ளே 230 வோல்ட் அம்மணமாக நிற்கும்.

உள்ளே பார்த்தால் கம்பெனி சார்ஜரின் பலகையில் குறுக்கே ஒரு வெறும் பட்டை ஓடுகிறது, வயலுக்கு வரப்பு மாதிரி. அந்தப் பக்கம் சுவர் மின்சாரம், இந்தப் பக்கம் போன் மின்சாரம், நடுவில் ஒரு செப்புக் கோடு கூடக் கிடையாது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், எந்த இடத்திலும் 6 மில்லிமீட்டருக்குக் குறையவில்லை. இரண்டு பக்கத்தையும் இணைத்து நிற்கும் ஒரு சின்னச் சிப்புக்கு அடியில் பலகையையே அறுத்து ஒரு பிளவு விட்டிருந்தார்கள், ஈரமும் தூசியும் சேர்ந்து பாலம் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. மலிவு சார்ஜரில் அந்த வரப்பே இல்லை. சுவர் மின்சாரம் ஓடும் ஈயப் பற்றுக்கும் யுஎஸ்பி பக்கத்து ஈயப் பற்றுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, அந்த இடத்தில் கறுப்பாகக் கரிந்த தடமும் இருந்தது. டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி மூன்று நான்கு சுற்று மஞ்சள் டேப் இருக்க வேண்டும், இதில் ஒரே சுற்று, அதுவும் ஓரத்தில் சுருங்கி விலகியிருந்தது. அம்மாவின் கையை இழுத்தது எந்த வழியாக வந்தது என்று எனக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம்.

மலிவு சார்ஜரை முதலில் தள்ளிவிடுகிறேன், இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. நூறு நூற்றைம்பது ரூபாய்க்கு டேப்பும் இடைவெளியும் நல்ல கூடும் போட்டு, கடைக்காரருக்கும் லாபம் வைத்து விற்கவே முடியாது, எங்கேயோ குறைத்தாக வேண்டும், குறைப்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான். இதை விடவும் ஆபத்து, மலிவு சார்ஜரின் மேல் பெரிய கம்பெனி பெயரை அச்சடித்து விற்பது. 2016-இல் அமெரிக்காவின் யூஎல் என்ற சோதனை நிறுவனம் ஆப்பிள் பெயரில் வந்த 400 போலி சார்ஜர்களை எடுத்துச் சோதித்தது. தேறியவை மூன்று. பன்னிரண்டு சார்ஜர்கள் ஆளையே கொல்லும் அளவுக்கு மோசமாக இருந்தன என்று அந்த அறிக்கை சொன்னது. அதற்கும் முன்பு, 2013 ஜூலையில் சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில், சார்ஜில் இருந்த போனை எடுத்த ஒரு விமானப் பணிப்பெண் மின்சாரம் தாக்கி இறந்ததாகச் செய்தி வந்தது, சார்ஜர் போலியாக இருக்கலாம் என்று பேச்சு எழுந்தது. அடுத்த மாதமே ஆப்பிள், சந்தேகமான சார்ஜரைக் கொண்டுவந்து கொடுத்தால் 10 டாலருக்கு நல்லது தருகிறோம் என்று ஒரு திட்டம் அறிவித்தது.

அடுத்தது, நிறையப் பேர் மறந்தே போகிற வழி. வீட்டு டிராயரில் கிடக்கும் பழைய சார்ஜர். போன் பெட்டியோடு வந்தது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால், பிளக் கால்கள் ஆடாமல், கூட்டில் விரிசல் இல்லாமல், குலுக்கினால் உள்ளே எதுவும் கலகலக்காமல் இருந்தால், நான் முதலில் கை வைப்பது அதில்தான். செலவு இல்லை, போலியாக இருக்க வாய்ப்பும் குறைவு. மெதுவாக ஏறும், உண்மைதான், ஆனால் ராத்திரியில் இரண்டு மணி நேரம் கூட ஆனால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. போனுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவைத்தான் போன் இழுத்துக்கொள்ளும், பழைய சார்ஜரால் புது போன் கெட்டுவிடும் என்பது வெறும் பயம். ஒரு குறை மட்டும் உண்டு. பழைய அகலமான யுஎஸ்பி ஓட்டை உள்ள சார்ஜரில், சுவிட்ச் போட்டிருக்கும் வரை கேபிள் முனையில் 5 வோல்ட் எப்போதும் நிற்கும். இரண்டு பக்கமும் டைப்-சி இருக்கிற கேபிளில், மறுமுனையில் ஒரு கருவி மாட்டியிருப்பது தெரிந்த பிறகுதான் தரமான சார்ஜர் மின்சாரத்தைத் திறந்துவிடும். தவழ்கிற குழந்தை இருக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. 2023 ஆகஸ்டில் கர்நாடகத்தில் கார்வார் பக்கம், சுவிட்சை அணைக்காமல் விட்ட சார்ஜரின் கேபிள் முனையை வாயில் வைத்த எட்டு மாதக் குழந்தை இறந்துபோனது. போனை எடுத்ததும் சுவிட்சை அணைக்க வேண்டும், கேபிளைத் தொங்க விடக் கூடாது, எந்த சார்ஜராக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

கம்பெனியின் சொந்த சார்ஜர் ஆயிரத்தில் இருந்து இரண்டாயிரம் வரை வருகிறது. உங்கள் போன் 67 வாட், 80 வாட் என்று அந்தக் கம்பெனிக்கே உரிய வேகத்தில் ஏறுகிற வகை, அந்த வேகம் உங்களுக்கு உண்மையிலேயே தேவை என்றால் வாங்குங்கள். வெறும் பாதுகாப்புக்காக மட்டும் என்றால் அவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை என்பது என் முடிவு. கம்பெனி சார்ஜர் என்றாலே நூறு சதவீதம் உத்தரவாதம் என்பதும் கிடையாது. 2016 ஜனவரியில் ஆப்பிளே, 2003-லிருந்து 2015 வரை ஐரோப்பா, ஆஸ்திரேலியா, கொரியா, பிரேசில் போன்ற இடங்களில் விற்ற இரண்டு கால் பிளக் துண்டுகள் உடைந்து ஷாக் அடிக்கலாம் என்று சொல்லித் திரும்பப் பெற்றது. வாங்குவதாக இருந்தால் கம்பெனி கடையிலோ கம்பெனியின் சொந்த இணையதளத்திலோ வாங்குங்கள். இணையத்தில் பாதி விலைக்கு "ஒரிஜினல்" என்று வருவதை நம்பாதீர்கள்.

அதற்கும் கீழே, 500 முதல் 1000 ரூபாய்க்குள், போன் செய்யாமல் சார்ஜர், பவர் பேங்க் மட்டும் செய்கிற பெயர் தெரிந்த கம்பெனிகளின் சார்ஜர்கள். பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் சரி என்று நினைக்கிறேன், ஒரே ஒரு நிபந்தனையோடு, சார்ஜரின் மேலே பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்க வேண்டும். இந்தியாவில் இந்த மாதிரி மின்னணுப் பொருள்களுக்குப் பதிவு கட்டாயம், 2012-இல் வந்த உத்தரவோடு தொடங்கியது அது. சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் ஐஎஸ் 13252 என்ற தர எண்ணும், பக்கத்தில் ஆங்கில ஆர் எழுத்தும் ஒரு கோடும் எட்டு இலக்க எண்ணும் அச்சடித்திருக்கும். புது தரத்துக்கு மாறிய சார்ஜர்களில் 62368 என்று இருக்கும், அதுவும் சரிதான். இதில் ஐஎஸ்ஐ முத்திரையைத் தேடாதீர்கள், சார்ஜருக்கு வருவது அது இல்லை, இந்தப் பதிவு முத்திரைதான். சிஇ என்று இரண்டு எழுத்து மட்டும் போட்டிருந்தால் அதை நம்பிவிட வேண்டாம், அது ஐரோப்பாவுக்கானது, செய்கிறவரே போட்டுக்கொள்வது.

எண்ணை அச்சடிப்பது போலிக்காரருக்கும் சுலபம்தான். அதனால் கடையில் நின்றபடியே பார்த்துவிடுங்கள். போனில் பிஐஎஸ் கேர் என்ற செயலி இலவசம், அதில் ஆர் எண்ணைத் தட்டினால் எந்தத் தொழிற்சாலை, என்ன பொருள், எந்த பிராண்ட், பதிவு உயிரோடு இருக்கிறதா என்று வரும். சார்ஜர் என்று வாங்கிய பொருளின் எண்ணுக்கு எல்இடி பல்பு கம்பெனி பெயர் வந்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிடலாம். அம்மாவின் 120 ரூபாய் சார்ஜரில் எண் இருந்த மாதிரிதான் இருந்தது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஆறே இலக்கம்.

வெளிநாட்டில் இருந்து வரும் சார்ஜர்கள் இன்னொரு பக்கம். துபாய், மஸ்கட்டில் இருந்து உறவுக்காரர்கள் கொண்டுவரும் மூன்று தட்டைக் கால் சார்ஜர் எத்தனை வீட்டில் இருக்கிறது! சார்ஜர் நல்லதாகத்தான் இருக்கும், நம் ஊர் மின்சாரத்துக்கும் பொருந்தும், சிக்கல் பிளக்கில். எல்லா வகையும் நுழையும் என்று சொல்லும் மல்டி பின் சாக்கெட்டில் அது நுழைய மறுத்தால், ஓட்டையில் ஸ்க்ரூடிரைவரையோ பேனா மூடியையோ விட்டு உள்ளே இருக்கும் தடுப்புக் கதவைத் திறப்பார்கள். ஷாக் அடிக்கும் வழிகளிலேயே இதுதான் நேர்வழி. தரமான ஒரு மாற்று பிளக் வாங்கி அதில் மாட்டுங்கள், அது இல்லையென்றால் அந்த சார்ஜரை அங்கேயே இருப்பவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சுவிட்ச் போர்டிலேயே யுஎஸ்பி ஓட்டை வைத்து வருவது, பெரிய சுவிட்ச் கம்பெனியுடையதாக இருந்தால் பரவாயில்லை, தனி சுவிட்சோடு போட்டால். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓரமாக வருகிற யுஎஸ்பி ஓட்டைகளை நான் தொடுவதில்லை, அதுவும் உள்ளே ஒரு மலிவு சார்ஜர்தான்.

பிளக் பாயிண்ட் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல சார்ஜரையும் கெடுப்பது அதுதான். நம் சுவரில் இருக்கும் சின்ன சாக்கெட் சுமார் 5 மில்லிமீட்டர் கனமான காலுக்குச் செய்தது. போன் சார்ஜரின் கால் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர். கொஞ்ச நாளில் சாக்கெட்டின் உள்தகடு விரிந்து, சார்ஜர் தொளதொளவென்று தொங்க ஆரம்பிக்கும், பாதி கால் வெளியே தெரியும், சொருகும்போது "சிர்ர்" என்று பொறி பறக்கும். அந்த வெளியே தெரிகிற பாதிக் காலில் விரல் பட்டால் எந்த முத்திரையும் காப்பாற்றாது. சாக்கெட்டை மாற்ற நூறு, இருநூறு ரூபாய்தான். மாற்றும்போதே சுவிட்ச் ஃபேஸ் கம்பியில்தான் (கரண்ட் வருகிற கம்பி) இருக்கிறதா என்று எலெக்ட்ரீசியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். சில பழைய வீடுகளில் நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகிற கம்பி) போட்டுவைத்திருப்பார்கள், அப்படி இருந்தால் சுவிட்சை அணைத்தாலும் சார்ஜரில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும்.

இன்னொரு கேள்வி அடிக்கடி வருகிறது. நல்ல சார்ஜர்தான், ஆனாலும் சார்ஜில் இருக்கும்போது போனின் உலோக ஓரத்தைத் தடவினால் விர்ரென்று ஒரு அதிர்வு, டெஸ்டரை வைத்தால் விளக்கு வேறு எரிகிறது, தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். இரண்டு கால் சார்ஜருக்கு எர்த் கிடையாது, மின் இரைச்சலை அடக்குவதற்கு உள்ளே இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு பாதுகாப்பு கெப்பாசிட்டர் வைப்பார்கள், அதன் வழியாகக் கசியும் கரண்ட்தான் அது. ஐஎஸ் 13252 தரவிதி அதற்கு வைத்திருக்கும் எல்லை 0.25 மில்லி ஆம்பியர். டெஸ்டர் விளக்கு எரிய அதிலும் துளி போதும். ஒப்பிட்டுப் பாருங்கள், பிடித்த கையை விட முடியாமல் போவதற்குச் சுமார் 10 மில்லி ஆம்பியர் வேண்டும், 30-ஐத் தாண்டி நெஞ்சு வழியாகப் போனால் இதயத் துடிப்பே குலையலாம். தடவும்போது மட்டும் தெரியும் மெல்லிய அதிர்வு வேறு, ஊசி குத்துவது போலவோ தசை துள்ளுவது போலவோ இருந்தால் அது வேறு. இரண்டாவது ஒரே ஒரு தடவை நடந்தால் கூட சுவிட்சை அணைத்து, சார்ஜரை எடுத்து, மறுபடி யாரும் மாட்டாதபடி பிளக் காலை வளைத்துவிட்டு எறியுங்கள். "செருப்பு போட்டுக்கிட்டா அடிக்கலையே" என்று அதையே ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செருப்பு கரண்ட்டின் வழியை அடைக்கிறது, அவ்வளவுதான், சார்ஜர் அதே சார்ஜர்தான்.

பவர் பேங்கை யாரும் பாதுகாப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை, நான் சேர்க்கிறேன். சுவரில் இருந்து பவர் பேங்குக்கு, பிளக்கைப் பிடுங்கிய பிறகு பவர் பேங்கில் இருந்து போனுக்கு என்று வைத்துக்கொண்டால், போன் கையில் இருக்கும்போது அதற்கும் 230 வோல்ட்டுக்கும் தொடர்பே இல்லை. சார்ஜில் வைத்தபடியே மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், காதில் ஒயர் மாட்டிக்கொண்டே தூங்குகிற பிள்ளைகள், மழைக்காலத்தில் தரை ஓதம் காக்கும் வீடுகள், இவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அதற்கும் பிஐஎஸ் எண் கட்டாயம், உப்பிப் போனதைப் பயன்படுத்தவே கூடாது.

இதெல்லாம் சார்ஜருக்கு. ஆனால் வீட்டில் கையில் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் இருக்கிறது, ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், விலை கூடிய சார்ஜரை விட்டுவிட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) போடச் சொல்வேன். நிறையப் பேர் "எங்க வீட்டில் எம்சிபி இருக்கே" என்கிறார்கள். எம்சிபி என்பது கரண்ட் அளவுக்கு மீறி ஓடினால் விழுகிற சுவிட்ச், 6, 10, 16 ஆம்பியர் என்று கணக்குப் பார்க்கும், அது கம்பியைக் காப்பாற்ற வைத்தது. ஈரக் கையில் மனித உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும், 230 வோல்ட்டில் அது கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. ஆள் செத்துப்போகப் போதுமானது, எம்சிபிக்கு அது ஒரு சின்ன பல்பு எரிகிற மாதிரி, அசையவே அசையாது. ஆர்சிசிபி வேறு கணக்கு வைத்திருக்கிறது. ஃபேஸில் போன கரண்ட் அப்படியே நியூட்ரலில் திரும்ப வருகிறதா என்று பார்க்கும், நடுவில் யார் உடம்பு வழியாகவாவது தரைக்குப் போனால் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே ஆள் இரண்டு கையால் பிடித்தால் மட்டும் அதற்குத் தெரியாது.

இதிலும் நம் வீடுகளில் ஒரு ஓட்டை இருக்கிறது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ஃபேன், லைட், போன் சார்ஜ் போடும் பாயிண்ட் எல்லாம் பெரும்பாலும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். மெயினில் மட்டும் ஆர்சிசிபி போட்டால், கரண்ட் கட் ஆன நேரத்தில் அந்த பாயிண்டுக்குக் காவல் இல்லை. இன்வெர்ட்டரில் இருந்து வெளியே வரும் லைனுக்கும் தனியாக ஒன்று வேண்டும். இரண்டு லைனின் நியூட்ரலும் எங்கேயாவது ஒன்றாகச் சேர்ந்திருந்தால் ஆர்சிசிபி சும்மா சும்மா விழும், சில எலெக்ட்ரீசியன்கள் அதைத் தேடிப் பிரிப்பதற்குப் பதில் பைபாஸ் செய்துவிட்டுப் போய்விடுவார்கள், அப்படி விடாதீர்கள். எங்கள் வீட்டில் அந்த நியூட்ரலைப் பிரிக்க அரை நாள் ஆனது, கூடத்து சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தார்கள்.

இப்போது அம்மாவின் போனுக்கு என் பழைய போனோடு வந்த சார்ஜர், புது சாக்கெட். பிளக் பாயிண்டையும் துணி துவைக்கிற பக்கத்தில் இருந்து எடுத்து, பீரோ பக்கம் மாற்றியாகிவிட்டது. ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும், அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். முதல் தேதி காலையில் மெயின் பக்கத்தை அழுத்துவார், ஃபிரிட்ஜ் நிற்கும், ஃபேன் ஓடும். அதைத் தூக்கிவிட்டு இன்வெர்ட்டர் பக்கத்தை அழுத்துவார், ஃபேனும் நிற்கும். இரண்டும் நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவார்.